பொறுத்துக்கொள்ளும் அளவுக்கு என்றால் எந்த அளவுக்கு?

முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சையைப் பற்றி நம் நாட்டில் நிகழும் பேச்சு பெரும்பாலும் இரண்டு இடங்களில் நின்றுவிடுகிறது. ஒன்று, செயற்கை மூட்டின் விலை. மற்றொன்று, அறுவை அரங்கின் தொழில்நுட்பம். எந்த உலோகம், எந்த நிறுவனத்தின் மூட்டு, ரோபோ உண்டா இல்லையா என்று விசாரித்துத் தெளிந்த பின்னரே குடும்பங்கள் நாள் குறிக்கின்றன. நோயாளி வீடு திரும்பியதும் பேச்சு முடிந்துவிடுகிறது. ஆனால் சிகிச்சையின் சரிபாதி அதன் பிறகே தொடங்குகிறது. அந்தப் பாதி மருத்துவர் இல்லாத அறையில், குடும்பத்தார் கையில், சில சொற்களை மட்டும் துணைகொண்டு நடக்கிறது. அந்தச் சொற்களுக்கு எவரும் பொறுப்பேற்பதில்லை என்பதே என் குற்றச்சாட்டு. மொழியியல் படித்தவர்கள் இதைத் தங்கள் துறைக்கு வெளியே உள்ள விஷயமாகக் கருதக் கூடாது என்பது என் வேண்டுகோள். பதிவு சற்று நீளமானது, பொறுத்தருள்க.

முதலில் உடலின் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். அறுவை ஏறத்தாழ ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிகிறது. தொடையெலும்பின் கீழ்முனையிலும் கீழ்க்கால் எலும்பின் மேல்முனையிலும் தேய்ந்த பரப்பை மெல்லிதாகச் சீவியெடுத்து, அவ்விடங்களில் உலோகப் பாகங்களைப் பொருத்தி, நடுவே பாலிஎத்திலீன் தட்டொன்றை வைக்கிறார்கள். அன்றைக்கோ மறுநாளோ நோயாளி வாக்கரைப் பிடித்து எழுந்து நிற்கிறார். சில நாட்களில் வீட்டுக்கு அனுப்பப்படுகிறார். உலோகம் அன்றே தன் வேலைக்கு ஆயத்தமாகிவிடுகிறது. அதைச் சுற்றியுள்ள தசையும் சவ்வும் ஆயத்தமாவதில்லை. அறுபட்ட திசு ஆறும்போது தழும்பாக இறுகுகிறது. அந்தத் தழும்பு நெகிழ்ந்து அசைவுக்கு இடம் தருமா, விறைத்துப் பூட்டிக்கொள்ளுமா என்பது பெரும்பாலும் முதல் ஆறு வாரங்களில், அதிகம் போனால் மூன்று மாதங்களுக்குள் முடிவாகிறது. வலுவும் நம்பிக்கையும் முழுமையாகத் திரும்ப ஓராண்டு வரை ஆகலாம்.

எவ்வளவு மடங்க வேண்டும் என்பதற்கும் கணக்குண்டு. சமதளத்தில் நடக்க ஏறத்தாழ 65 பாகை மடங்கினால் போதும். படியேறி இறங்க 85 முதல் 100 பாகை வேண்டும். தாழ்ந்த நாற்காலியிலிருந்து சிரமமின்றி எழ 100 பாகைக்கு மேல் தேவை. குந்தி உட்கார 130 பாகையைத் தாண்ட வேண்டும். பெரும்பாலான செயற்கை மூட்டுகள் 110, 120 பாகையோடு நின்றுவிடும். மடக்குவதைப் போலவே நீட்டுவதும் முக்கியம். முழங்கால் சுழியப் பாகைக்கு, அதாவது முற்றிலும் நேராக, வராவிட்டால் நோயாளி ஆயுள் முழுதும் சற்றே தாங்கித் தாங்கித்தான் நடக்க வேண்டியிருக்கும். குறித்த காலத்துக்குள் மடக்கம் வராவிட்டால் மயக்க மருந்து கொடுத்து முழங்காலை வலிந்து மடக்கித் தழும்பைத் தளர்த்தும் நிலைக்குப் போக நேரும். உலகின் பல ஆய்வுகள் சுட்டும் ஒரு செய்தியையும் இங்கே நினைவில் கொள்ளலாம்: இச்சிகிச்சை செய்துகொண்டவர்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் முழு நிறைவு அடைவதில்லை. எதிர்பார்ப்பு, வலி, இறுக்கம் எனக் காரணங்கள் பல. அவற்றுள் கணிசமானவை வீட்டு நாட்களோடு தொடர்புடையவை.

2000 அக்டோபரில் அன்றைய பிரதமர் அடல் பிகாரி வாஜ்பாய் மும்பை பிரீச் கேண்டி மருத்துவமனையில் இடது முழங்கால் மாற்றிக்கொண்டார். 2001 ஜூனில் வலது முழங்கால். எளிய மக்கள் பலருக்கு இப்படியொரு சிகிச்சை இருப்பதையே அச்செய்திகள்தாம் அறிவித்தன. பிரதமரின் மீட்சியைக் கவனித்துக்கொள்ள வல்லுநர்கள் அருகிலேயே இருந்தார்கள். நம் வீட்டுப் பெரியவர்களுக்குக் கிடைப்பது ஒரு தாள். அதற்கு டிஸ்சார்ஜ் சம்மரி என்று பெயர்.

அந்தத் தாளை மொழியியல் மாணவர்கள் ஒருமுறையேனும் பனுவலாக எடுத்துப் படிக்க வேண்டும். புணேயில் மகன் வீட்டில் இருக்கும் என் பெரியம்மாவுக்கு அறுவை நடந்தபோது வந்த தாளில் வீட்டு நாட்களுக்கென ஒதுக்கப்பட்டவை நான்கு வரிகள்: ‘டபிள்யூ.பி.ஏ.டி. வித் வாக்கர்’, ‘ஆர்.ஓ.எம். அஸ் டாலரேட்டட்’, ‘எஸ்.எல்.ஆர்.’, ‘லிம்ப் எலிவேஷன்’. எழுதியவர் ஒரு மருத்துவர். எழுதப்பட்டது இன்னொரு மருத்துவருக்கு. படிக்க வேண்டியவரோ தமிழ் மட்டும் வாசிக்கத் தெரிந்த 66 வயதுப் பெண். வீட்டுக்கு வந்த இயன்முறை சிகிச்சையாளர் இந்தியில் விளக்கினார். அண்ணன் அதைத் தமிழாக்கினார். உதவிக்கு வந்த பெண் மராத்தி பேசுபவர். ஒரு முழங்காலைச் சுற்றி நான்கு மொழிகள். இந்திய நகரங்களில் இது விதிவிலக்கன்று. பிள்ளைகள் வேலை பார்க்கும் ஊருக்குப் போய்த்தான் இன்று பெற்றோர் பலர் அறுவை செய்துகொள்கிறார்கள். ஏனெனில் பார்த்துக்கொள்ள ஆள் அங்கேதான் இருக்கிறது.

அந்த வீட்டில் மூன்று சொற்கள் இடறின. மூன்றும் அகராதிப்படி சரியான மொழிபெயர்ப்புகள் என்பதுதான் கவனிக்கத்தக்கது.

முதற்சொல், பொறுத்தல். ‘அஸ் டாலரேட்டட்’ என்னும் ஆங்கிலத் தொடர் மருத்துவ வழக்கில் ஒரு வரம்பைக் குறிக்கிறது. உடல் ஏற்கும் அளவுக்குக் காலில் எடையை ஊன்றலாம். ஏற்காதபோது நிறுத்திவிட வேண்டும் என்பது அதன் பொருள். அண்ணன் இதைப் ‘பொறுத்துக்கொள்ளும் அளவுக்கு நடக்கலாம்’ என்று சொன்னார். இலக்கணப் பிழை ஏதுமில்லை. ஆனால் தமிழில் பொறுத்தல் அளவைக் குறிக்கும் சொல்லாக மட்டும் இருப்பதில்லை. அது ஓர் அறம். பொறுமை பெண்ணுக்கு அணி என்று சொல்லி வளர்க்கப்பட்ட தலைமுறைக்குப் பொறுத்துக்கொள்ளும் அளவு என்பதற்கு மேல்வரம்பே கிடையாது. இந்தியிலும் இதே சிக்கல்தான். ‘ஜித்னா சஹ் சகே(ன்)’ என்பதில் உள்ள ‘சஹ்னா’ தாங்குவதையும் சகித்துக்கொள்வதையும் சேர்த்தே குறிக்கிறது. நிறுத்தச் சொல்லும் கட்டளை காதில் விழும்போது தொடரச் சொல்லும் கட்டளையாகிவிடுகிறது. ஆறாம் நாள் பெரியம்மா அடுக்களையில் ஒரு மணி நேரம் நின்று குழம்பு வைத்தார். அன்று மாலை முழங்கால் இருமடங்காக வீங்கியது. ஏன் நின்றீர்கள் என்று கேட்டதற்கு, ‘பொறுத்துக்கச் சொன்னாங்களே’ என்றார்.

இரண்டாம் சொல், ஓய்வு. வீக்கத்தைக் கண்ட சிகிச்சையாளர் ‘ஆராம் கரோ’ என்றார். பயிற்சிக்கும் பயிற்சிக்கும் இடையே ஓய்வு கொடுங்கள் என்பதே அவர் கருத்தாக இருந்திருக்க வேண்டும். இந்தியில் ‘ஆராம்’ ஓய்வையும் குறிக்கும். நலம் பெறுதலையும் குறிக்கும். நோய் தணிந்தவர் ‘அப் ஆராம் ஹை’ என்பார். ஓய்வும் குணமும் ஒரே சொல்லுக்குள் இருக்கும்போது, படுத்திருந்தால் குணமாகும் என்ற கோட்பாடு மொழியிலேயே அடங்கியிருக்கிறது. காய்ச்சலுக்கும் எலும்பு முறிவுக்கும் அது பெருமளவு பொருந்தியும் வந்தது. ஆகவே தலைமுறைகள் அதை நம்பின. மாற்றப்பட்ட முழங்காலுக்கு அது பொருந்தாது. இங்கே பல மணி நேரம் அசையாமல் கிடப்பது இறுக்கத்தை வளர்க்கும். காலின் ஆழ்நாளங்களில் இரத்தம் உறையும் அபாயத்தையும் கூட்டும். பெரியம்மா அடுத்த நான்கு நாட்கள் கட்டிலை விட்டு இறங்கவில்லை. வீட்டாரும் அதை விரும்பினார்கள். படுக்கையிலேயே சாப்பாடு கொடுப்பதுதான் நம்மிடையே அன்பின் இலக்கணம்.

மூன்றாம் சொல், கால். தாளில் இருந்த ‘லிம்ப் எலிவேஷன்’ என்பதைக் காலை உயர்த்தி வைக்க வேண்டும் என்று மொழிபெயர்த்தார்கள். தமிழில் இடுப்பிலிருந்து விரல் நுனி வரை எல்லாம் கால்தான். பாதமும் கால், முழு உறுப்பும் கால். இந்தியில் ‘பைர்’ என்ற சொல்லும் பேச்சு வழக்கில் அப்படியே. எந்த இடத்தில் தலையணை வைப்பது? குதிகாலுக்கு அடியில் வைத்தால் முழங்கால் தன் எடையால் நேராகும். முழங்காலுக்கு நேர் அடியில் வைத்தால் அது மடங்கிய நிலையிலேயே ஓய்வெடுக்கும்; வலி குறையும்; நாட்கள் செல்லச் செல்ல அந்த வளைவு நிலைத்துவிடும். அறுவைக்குப் பின் சொல்லப்படும் எச்சரிக்கைகளில் மிகவும் அடிப்படையானது இது. மருமகள் மிக மென்மையான தலையணையாகத் தேடியெடுத்து முழங்காலுக்கு அடியில்தான் வைத்தார். இரண்டாம் வாரப் பரிசோதனையில் முழங்கால் நேராகவில்லை. பிறகு நேராக்குவதற்குக் கூடுதலாகப் பல வாரப் பயிற்சி தேவைப்பட்டது. மூன்றாம் மாத முடிவில்தான் சரியானது. மூட்டில் குறையில்லை, அறுவையிலும் குறையில்லை. ‘குதிகாலுக்கு அடியில்’ என்ற இரண்டு சொற்கள் தாளில் இல்லை.

இவற்றை ஒரு குடும்பத்தின் துரதிர்ஷ்டமாக ஒதுக்கிவிடலாம். நான் அப்படி நினைக்கவில்லை. மூன்று இடறல்களும் மொழிகளின் அமைப்பிலிருந்து வந்தவை. ஆகவே வேறு வீடுகளிலும் வரும், முன்கூட்டியே கணிக்கவும் முடியும். கணிக்க முடிந்த பிழையைத் தடுக்காமல் இருப்பது அலட்சியம்.

வலியைச் சொல்லும் மொழிக்கு வருவோம். வீடு திரும்பியவரிடம் தொலைபேசியில் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: சுழியத்திலிருந்து பத்துக்குள் வலி எவ்வளவு? பெரியம்மா ‘ஏழு’ என்பார். மறுநாளும் ‘ஏழு’ என்பார். பரீட்சை மதிப்பெண் போல அதைச் சொல்லப் பழகிவிட்டார். வலியை ஒற்றை எண்ணாகச் சுருக்க முடியாது என்பதை மருத்துவமே என்றோ உணர்ந்தது. ரொனால்ட் மெல்சாக் 1975இல் வெளியிட்ட மெக்கில் வலி வினாப்பட்டியல் 78 சொற்களை 20 தொகுதிகளாக அடுக்கியது. குத்துதல், எரிதல், துடித்தல் என வலியின் தன்மையைப் பிரித்தறிய வேண்டும் என்பதே அதன் அடிப்படை.

நம் மொழிகளில் இந்தப் பிரித்தறிதலுக்குப் பஞ்சமில்லை. எம். பி. எமனோ 1956இல் இந்தியாவை ஒரு மொழியியற் பரப்பாகக் காட்டினார். 1969இல் எழுதிய கட்டுரையில், இரட்டித்து வரும் ஒலிக்குறிப்புச் சொற்கள் திராவிட, இந்தோ ஆரிய மொழிகளுக்குப் பொதுவான கூறு என்று நிறுவினார். நாம் வகுப்பறையில் இதைச் சொற்பட்டியலாகப் படித்துத் தேர்வெழுதினோம். அதன் பயன்பாட்டைக் காண நோயாளியின் கட்டிலருகே போக வேண்டும். தமிழில் விண்விண் என்று தெறிக்கிறது, சுருக்சுருக்கென்று குத்துகிறது, கடுகடுவென்று கடுக்கிறது, மதமதவென்று இருக்கிறது. வங்காளத்தில் கன்கன், டன்டன், சின்சின், ஜின்ஜின் என வலிக்கும் கூச்சத்துக்கும் தனித்தனிச் சொற்கள். இந்தியில் டீஸ், சுபன், ஜலன், ஜுன்ஜுனி.

வீட்டு நாட்களில் இந்த வேறுபாடுகள் மருத்துவப் பொருள் கொண்டவை. தழும்பின் வெளிப்பக்கம் மதமதப்பாக இருப்பது மிக இயல்பு. அங்கே தோலுக்கு உணர்ச்சி தரும் மெல்லிய நரம்புக் கிளை அறுவையின்போது அறுபடுகிறது. மதமதப்பு மாதக்கணக்கில் இருக்கலாம், சிறிதளவு நிலைத்தும் விடலாம். முன்னரே சொல்லப்பட்டவர் அஞ்சுவதில்லை; சொல்லப்படாதவர் நரம்பு போய்விட்டதென்று இரவெல்லாம் விழித்திருப்பார். மடக்கும்போது இழுத்துப் பிடிப்பது எதிர்பார்க்கத்தக்கது. ஓய்விலும் தணியாமல் நாளுக்கு நாள் கூடும் தெறிப்பு, அதனுடன் காய்ச்சல், புண்ணிலிருந்து கசிவு ஆகியவை கிருமித்தொற்றைச் சுட்டலாம். ஒரு பக்கக் கெண்டைக்காலில் மட்டும் புதிதாக வீக்கமும் கடுப்பும் தோன்றினால் இரத்த உறைவோ என்று உடனே பார்க்க வேண்டும். திடீர் மூச்சுத்திணறல் என்றால் ஒரு கணமும் தாமதிக்கலாகாது. இவை அனைத்தும் ‘ஏழு’க்குள் அடைபடும்போது வேறுபாடு மறைந்துவிடுகிறது. எண்ணைக் கேட்பது தவறன்று. எண்ணை மட்டும் கேட்பது போதாது. நோயாளியின் மொழியில் எப்படி வலிக்கிறது என்று ஒரு வினாவைச் சேர்க்க எந்தக் கருவியும் வேண்டியதில்லை.

இனி, அரசின் கணக்கு. 2017 ஆகஸ்ட் 16 அன்று தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் செயற்கை முழங்கால் மூட்டுகளுக்கு விலை உச்சவரம்பு விதித்தது. அதிகம் பயன்படும் கோபால்ட் குரோமியம் வகைக்கு 54,720 ரூபாய், சிறப்பு உலோக வகைக்கு 76,600 ரூபாய், வரி நீங்கலாக. அதற்குமுன் இலட்சங்களில் விற்றவை இவை. நல்ல முடிவு, பல குடும்பங்களுக்கு அது வாசலைத் திறந்தது. 2018 செப்டம்பரில் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து இலட்சம் ரூபாய் வரை காப்பீடு தருகிறது. மூட்டு மாற்று சிகிச்சையும் அதில் அடங்கும். 2024 அக்டோபரில் 70 வயதைக் கடந்த அனைவருக்கும், வருமான வேறுபாடின்றி, அது விரிவாக்கப்பட்டது. ஆனால் வீடு திரும்பிய பின்னான செலவுகளுக்கு அத்திட்டம் வைத்துள்ள எல்லை 15 நாட்கள். மேலே சொன்ன உடலின் கணக்கோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். முழங்காலின் விதி முடிவாவது ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களில். அரசின் கை விலகுவது இரண்டாம் வார முடிவில். தனியார் காப்பீடுகள் சிலவற்றில் 60 நாள், 90 நாள் என எல்லை நீள்கிறது. வீடு தேடி வரும் இயன்முறை சிகிச்சை அதில் சேருமா என்பது ஒப்பந்தத்தின் சிறிய எழுத்துகளைப் பொறுத்தது. உலோகத்தின் விலையைக் கட்டுப்படுத்திய அரசு, அந்த உலோகத்தை மடங்க வைக்கும் உழைப்பைக் கணக்கில் எடுக்கவில்லை.

அந்த உழைப்பு யாருடையது? 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வு இதற்கு விடை தருகிறது. ஊதியமில்லா வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்கள் செலவிடுகிறார்கள். ஆண்கள் 97 நிமிடங்கள். வீட்டினரைப் பராமரிக்கும் பணியில் ஈடுபடும் பெண்கள் 134 நிமிடங்கள், ஆண்கள் 76 நிமிடங்கள். நம் நாட்டில் முழங்கால் மாற்றிக்கொள்வோரிலும் பெண்களே மிகுதி. ஆகவே இரட்டைச் சுமை உண்டாகிறது. அடுக்களையை நடத்தியவர் படுக்கையில் இருக்கிறார். அவர் வேலையும் அவரைப் பார்க்கும் வேலையும் இன்னொரு பெண்ணின் தலையில் விழுகின்றன. ஆறாம் நாள் பெரியம்மா அடுக்களைக்குப் போனதற்கு ஒரு சொல்லின் இடறல் மட்டும் காரணமில்லை. மருமகள் தனியாக அல்லாடுவதைப் பார்த்துக்கொண்டு கட்டிலில் இருக்க அவரால் முடியவில்லை. ‘ஓய்வெடுங்கள்’ என்ற கட்டளையை நிறைவேற்றும் வசதி ஒரு வீட்டில் இருக்கிறதா என்று எந்தத் தாளும் கேட்பதில்லை.

வீட்டின் அமைப்பும் கேட்கப்படுவதில்லை. மாற்றிய முழங்காலோடு குந்தும் கழிப்பறையைப் பயன்படுத்துவது பெரும்பாலோர்க்கு இயலாது. தரையில் சம்மணமிட்டு உட்காருவதைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். கிராமங்களில் கட்டப்பட்ட கழிப்பறைகள் பெரும்பாலும் குந்தும் வகை. வீடு திரும்பிய முதல் மணி நேரத்திலேயே எழும் சிக்கல் இது. மேலே வைக்கும் இருக்கை, சுவரில் ஒரு கைப்பிடி, வழுக்காத தரைவிரிப்பு, கூடத்திலேயே ஓர் உயரமான நாற்காலி ஆகியவை அறுவைக்கு முன்பே ஆயத்தமாக வேண்டியவை. அறுவைக்கு முன் இரத்தம், இதயம், சர்க்கரை எல்லாம் சோதிக்கப்படுகின்றன. வீட்டைப் பற்றி ஐந்து கேள்விகள் கேட்கப்படுவதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 2008இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம், போதிய தகவல் தரப்பட்ட பின் பெறும் ஒப்புதலே செல்லத்தக்கது என்று தெளிவுபடுத்தியது. தேசிய மனித உரிமை ஆணையம் 2018இல் உருவாக்கிய நோயாளர் உரிமைச் சாசனம், தகவல்களை நோயாளிக்குத் தெரிந்த மொழியில் அவர் புரிந்துகொள்ளும் அளவில் விளக்க வேண்டும் என்கிறது. நடைமுறையிலோ, ஒப்புதல் படிவத்தில் கையொப்பம் வாங்கும் நேரத்தில்தான் தாய்மொழி நினைவுக்கு வருகிறது. ஏனெனில் வழக்கு அங்கிருந்து வரக்கூடும். வீட்டுக்கு அனுப்பும் தாளுக்கு அந்தக் கவலை இல்லை. ஒப்புதலுக்கு உள்ள மொழியுரிமை அறிவுறுத்தலுக்கும் வேண்டும்.

எதிர்வாதங்களை நான் அறிவேன். மருத்துவர்களுக்கு நேரமில்லை என்பார்கள். உண்மை, அதனால்தான் ஒருமுறை நன்றாக எழுதிப் பலமுறை பயன்படுத்த வேண்டும் என்கிறேன். இணையத்தில் எல்லா மொழிகளிலும் காணொளிகள் கொட்டிக்கிடக்கின்றன என்பார்கள். கிடக்கின்றன, எது தன் முழங்காலுக்கு, எந்த வாரத்துக்கு உரியது என்று பிரித்தறிய நோயாளியால் முடியாது. ஒரு காணொளி பத்தாம் நாளே மாடிப்படி ஏறச் சொல்லும். இன்னொன்று ஒரு மாதம் ஏறாதே என்னும். குடும்பத்தில் ஆங்கிலம் தெரிந்தவர் ஒருவர் இருப்பாரே என்பார்கள். எங்கள் அண்ணன் பொறியாளர். அவர் மொழிபெயர்ப்பில் ஆங்கிலப் பிழை ஒன்றும் இல்லை என்பதை மேலே பார்த்தோம். ஆங்கிலம் தெரிவதும் அறிவுறுத்தலை மொழிபெயர்க்கத் தெரிவதும் வெவ்வேறு திறன்கள். நம் துறை கற்றுத்தருவதே அந்த வேறுபாட்டைத்தான்.

ஆகவே நான் முன்வைப்பவை மிகச் சில. முதலாவது, வீட்டுக்கு அனுப்பும் தாள் இரண்டாக இருக்கட்டும். மருத்துவருக்கு ஒன்று, வழக்கம்போல ஆங்கிலச் சுருக்கெழுத்துகளோடு. வீட்டுக்கு ஒன்று, நோயாளியின் மொழியில். அதில் ‘பொறுத்துக்கொள்ளும் அளவு’ போன்ற தொடர்களுக்கு மாற்றாகக் கண்ணால் காணும் அளவுகள் வேண்டும்: ‘பத்து நிமிடம் நடந்ததும் உட்காருங்கள்’, ‘நடந்த பிறகு வீக்கம் கூடி, மறுநாள் காலையிலும் குறையாதிருந்தால் நடையைப் பாதியாக்குங்கள்’, ‘தலையணை குதிகாலுக்கு அடியில், முழங்காலுக்கு அடியில் கூடாது’, ‘படியேறும்போது நல்ல கால் முன்னால், இறங்கும்போது அறுவை செய்த கால் முன்னால்’. நிமிடக் கணக்கை அவரவர் மருத்துவர் நிரப்பட்டும்; வாக்கியத்தின் வடிவம் இப்படி இருக்கட்டும். எழுத்து வாசிக்காதவர்க்கு இதையே ஒலிப்பதிவாகக் கொடுக்கலாம்.

இரண்டாவது, சொன்னதைத் திருப்பிச் சொல்லக் கேட்கும் முறை. ‘புரிந்ததா’ என்று கேட்டால் நம்மில் எவரும் இல்லையென்று சொல்வதில்லை. பெரியவர்கள் முன் தலையாட்டுவது நம் மரியாதை வழக்கு. ‘வீட்டுக்குப் போனதும் தலையணையை எங்கே வைப்பீர்கள், காட்டுங்கள்’ என்று கேட்டால் பிழை அங்கேயே தெரிந்துவிடும். இதற்கு ஆகும் நேரம் இரண்டு நிமிடம்.

மூன்றாவது, காப்பீட்டின் எல்லை. மூட்டு மாற்று சிகிச்சைக்கு மட்டுமேனும் 15 நாட்களைப் பன்னிரண்டு வாரங்களாக்கி, குறிப்பிட்ட எண்ணிக்கையில் இயன்முறை சிகிச்சை அமர்வுகளை அதில் சேர்க்க வேண்டும். இயன்முறை சிகிச்சையாளர்களை உள்ளடக்கிய தேசிய ஆணையத்துக்கு 2021இலேயே சட்டம் இயற்றப்பட்டுவிட்டது. பணியாற்ற ஆள் இருக்கிறார்கள். அவர்களை அழைக்கும் வரி திட்டத்தில் இல்லை.

நான்காவது நமக்குரியது. இந்தியப் பல்கலைக்கழகங்களின் மொழியியல் துறைகள் வட்டார வழக்குகளைப் பதிவு செய்ய ஆண்டுதோறும் களப்பணிக்குப் போகின்றன. உறவுப்பெயர், நிறப்பெயர், பயிர்ப்பெயர் எல்லாம் தொகுக்கிறோம். அதே வினாப்பட்டியலில் வலிச்சொற்களுக்கு ஒரு பக்கம் ஒதுக்கினால், இயன்முறை சிகிச்சைக் கல்லூரிகளோடு சேர்ந்து ஒரு மாவட்டத்துக்கு ஒரு கையேடு எழுத முடியும். முதுகலை மாணவர் ஒருவரின் ஒரு பருவ ஆய்வேட்டுக்கு இது மிகப் பொருத்தமான அளவு. தொகுத்த சொல்லைப் பயன்படுத்தப்போகும் ஒருவர் பக்கத்துத் தெருவிலேயே காத்திருக்கிறார்.

இதைப் படிக்கும் நண்பர்களில் பலர் வீட்டில் இப்போதும் ஒரு வாக்கர் சுவரோரம் சாய்ந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். உங்கள் ஊர்ப் பக்கம் முழங்கால் வலியை எந்தெந்தச் சொற்களால் சொல்கிறார்கள், மருத்துவமனை சொன்ன எந்தச் சொல்லை வீட்டில் வேறாகப் புரிந்துகொண்டார்கள் என்பதைக் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். எந்த மொழியானாலும் சரி. ஊர், வயது, சொல், சூழல் நான்கையும் குறிப்பிட்டால் போதும். மருத்துவமனையின் பெயரும் மருத்துவரின் பெயரும் வேண்டாம். தொகுத்து, இயன்முறை சிகிச்சை பயிலும் நண்பர்களிடம் சரிபார்த்து, முதலில் ஒரே ஒரு பக்கத் தாளாகத் தமிழில் எழுத எண்ணியிருக்கிறேன். பிற மொழிகளில் எழுத முன்வருவோர் சொல்லுங்கள், சேர்ந்து செய்யலாம்.